மிதிக்க மாட்டேன் என்றவள்

அந்தக் கண்களைத் தியாகு முதன்முதலாகப் பார்த்தபோது, அவன் காஜா பெராங் சாலையோரச் சேற்றில் மல்லாந்து கிடந்தான்.

காதல் இப்படித் தொடங்கக் கூடாது என்பது அவன் கருத்து. நூறு கெஜ ஓட்டத்தில் மலாக்காவிலேயே அவனை முந்த ஆளில்லை. தன்னை ஒருத்தி முதலில் பார்க்கும்போது தான் நாடாவை மார்பால் அறுத்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றிலும் கைதட்டல் அதிர வேண்டும் என்றெல்லாம் மனத்துக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். சேறு அந்த ஏற்பாட்டில் இல்லை.

நடந்தது இதுதான். விடியற்காலையில் சுமாத்ரா பக்கமிருந்து வந்த காற்றும் மழையும் அடித்து ஓய்ந்து, தூறல் மட்டும் மிச்சமிருந்தது. சுங்க அலுவலகக் குமாஸ்தாவான தியாகு, பயிற்சிக்காகத் திடலை நோக்கிச் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தான். பின்னால் சைக்கிள் மணி ஒலித்தது.

"ஓரமாப் போங்கண்ணே..."

வெள்ளை உடுப்பு, கறுப்புக் குடை, நனைந்த பின்னல்... ஒரு பெண் அவனைக் கடந்து போய்க்கொண்டே இருந்தாள்.

அண்ணே! அவனைப் போய்! அதுவும் முந்திக்கொண்டு!

மலாக்காவின் மின்னலுக்கு ரோஷம் வந்தது. உடம்பு சூடேறவில்லை, தசை இன்னும் தூக்கத்தில் இருந்தது. அதையெல்லாம் ரோஷம் விசாரிக்குமா? ஒரே பாய்ச்சல்! சைக்கிளை எட்டிப் பிடிக்கப் போன அந்தக் கணத்தில், பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி 'சட்'டென்று... எறிந்தவன் யார் என்று திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. அடுத்த கணம் வானம் தெரிந்தது.

வானத்துக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு கண்கள் குனிந்தன. அகலமான, கருகருவென்ற கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் நாணம் உண்டா என்று தேடிப் பார்த்தான்... ம்ஹூம். ஆஸ்பத்திரிதான் இருந்தது.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்லீங்க. சும்மா... உக்காந்திருக்கேன்."

"படுத்திருக்கீங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். நட்சத்திரங்கள் தெரிந்தன.

"யாரோ கல்லால அடிச்சாங்க," என்றான்.

"யாரும் அடிக்கலை. சதை கிழிஞ்சிருக்கு, அப்படித்தான் இருக்கும். நல்லாக் கேட்டுக்குங்க... தேய்க்கக் கூடாது. சூடு வைக்கக் கூடாது. ஈரத் துணி சுத்தி, காலை உசத்தி வச்சுப் படுங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"இது வெறும் சுளுக்கு. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியுமே." அவள் குடையை மடக்கினாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து ஒளிந்துகொண்டது. "சைக்கிளோட ரேஸ் ஓடறவரு."

ஆக, பார்த்துவிட்டிருக்கிறாள்! கால் வலியை அவன் அப்போதே மறந்தான். அதைவிடப் பெரிய வலி ஒன்று வந்துவிட்டது.

*

தியாகுவின் கால் அவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அது 'காஜா பெராங் தமிழர் தேகப்பயிற்சிக் கழக'த்தின் சொத்து. அந்தக் கழகமோ திருவாளர் மாணிக்கவாசகத்தின் சொத்து.

மாணிக்கவாசகத்துக்குப் பெண்டஹாரா சாலையில் ஜவுளிக் கடை. 'விளையாட்டு வேந்தர்' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கி, அதைத் தாமே பணிவோடு ஏற்றுக்கொண்டவர். வாழ்நாளில் ஒருமுறையும் ஓடியதில்லை. அது ஐம்பத்தேழாம் ஆண்டு. ஆகஸ்டு கடைசியில் நாட்டுக்கு விடுதலை. அந்த வாரமே பண்டார் ஹிலிர் திடலில் விடுதலை விழா விளையாட்டுப் போட்டி. அதற்குக் கழகம் அச்சடித்த சுவரொட்டியில் 'மலாக்காவின் மின்னல் தியாகு ஓடுகிறார்' என்று இருந்தது. நடுவில் பெரிதாக ஒரு படம், மாணிக்கவாசகத்தினுடையது. ஓடப்போகிறவனின் படம் மூலையில், தபால்தலை அளவுக்கு.

"சுளுக்கு!" என்று காலைத் தொடாமலே தீர்ப்புச் சொன்னார் வேந்தர். "ஆஸ்பத்திரி எதுக்கு? நம்ம அஞ்சலை மவ இருக்கால்ல, காலால பொறந்தவ... ஒரு மிதி மிதிச்சா பறந்துடும்."

தலை வருவதற்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதிலும் காஜா பெராங்கில் இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, கல்யாணக் கவலை எல்லாவற்றுக்கும் பெயர் சுளுக்குத்தான்.

ஒரு பெண்ணிடம் மிதி வாங்குவதா என்று தியாகு முரண்டு பிடித்தான். வேந்தர் விடவில்லை. கழகச் செயற்குழு முழுவதும் பின்தொடர, ரிக்‌ஷாவில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்.

அஞ்சலை வாசலில் பாய் விரித்துத் தயாராக இருந்தாள். "என் மவ கால் பட்டு எந்திரிச்சு ஓடாத ஆளே கிடையாதுங்க ஐயா. ஏ கமலவேணி! வெளிய வாடி!"

திரைச்சீலை விலகியது.

அதே கண்கள்...

வெள்ளை உடுப்புக்குப் பதில் இப்போது வாடாமல்லி நிறத் தாவணி. தலை துவட்டின ஈரம் இன்னும் காயவில்லை. பாயில் குப்புறக் கிடந்த தியாகு, பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தான். பூமிக்கு அன்று வேறு வேலை இருந்தது.

"இவரா?" என்றாள் அவள்.

"இவருதான்மா. நம்ம மின்னல். ஒரு மிதி போடு," என்றார் மாணிக்கவாசகம்.

"மிதிக்க மாட்டேன் ஐயா."

செயற்குழு மூச்சுவிட மறந்தது.

"இது சுளுக்கு இல்லை. சதை கிழிஞ்சிருக்கு. மிதிச்சா இன்னும் கிழியும். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேனே இவரை?"

"பெரியவரு வாசல் தேடி வந்திருக்காரு, லேசா ஒண்ணு மிதிச்சு அனுப்பேண்டி!" என்று அஞ்சலை கையைப் பிசைந்தாள்.

"லேசாக் கிழிச்சு அனுப்பவா?"

மிதி வாங்க வந்த வெட்கம் ஒரு பங்கு என்றால், அதுவும் கிடைக்காத அவமானம் தியாகுவுக்கு மூன்று பங்காக இருந்தது. மனிதன் விசித்திரமான பிராணி.

"வாங்க தலைவரே," என்று ஒற்றைக் காலில் எழுந்தான். "இவங்க மிதிச்சுத்தான் நான் ஓடணும்னு இல்லை."

"தேய்ச்சுக்காதீங்க..." என்றாள் அவள், அவன் முதுகைப் பார்த்து. அந்தக் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

*

தேய்த்தார்கள். சுடச்சுட எண்ணெய் ஊற்றி, செயற்குழு முறை வைத்துக்கொண்டு தேய்த்தது. வேந்தர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மறுநாள் பின்தொடை முழுவதும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அதற்கடுத்த நாள் முழங்காலை மடக்க முடியவில்லை. அதன் பிறகுதான் மின்னல் ஆஸ்பத்திரிக்குப் போனது.

டாக்டர் பார்த்துவிட்டு, "யார் இதைத் தேய்ச்சது?" என்றார்.

"ஒரு கமிட்டி சார்," என்றான் தியாகு.

கட்டுப் போடும் பொறுப்பு டிரஸ்ஸர் ஹாஜாவுக்கு, பயிற்சி சொல்லித்தரும் பொறுப்பு பயிற்சித் தாதி கமலவேணிக்கு. 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தான். அவள் சொல்லவே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

முதலில் அசையாமல் படுக்கை. வீக்கம் வடிந்த பிறகு, குப்புறப் படுத்து முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுவது. அப்புறம் உட்கார்ந்தபடி குதிகாலை ஹாஜாவின் உள்ளங்கைக்கு எதிராக அழுத்துவது. அப்புறம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடை. அங்கே தாதியை எல்லாரும் கூப்பிடுவது 'மிஸ்ஸி' என்றுதான், அவனும் அப்படியே கூப்பிட்டான்.

"இன்னும் வேகமா நடக்கட்டுமா மிஸ்ஸி?"

"வலிக்குதா?"

"இல்லை."

"பொய். மூக்கு சுருங்குது."

"மூக்கா? நீங்க காலைப் பார்க்கணும் மிஸ்ஸி..."

"காலு பொய் சொல்லாது. மூஞ்சிதான் சொல்லும். அதான் மூஞ்சியப் பார்க்கறேன்."

ஹாஜா கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டே கூரையைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்க மிஸ்ஸி, நல்லாப் பாருங்க. தம்பிக்கு மூஞ்சியிலயும் ரத்தம் கட்டிக்கிச்சு... செவந்து போச்சு."

பிழைக்கத் தெரிந்த மனிதர், அதோடு வேறு அறைக்குப் போய்விட்டார்.

மழை பெய்த ஒரு மாலை. தாழ்வாரத்து ஓடுகளில் நீர் சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடித்தவள் மழை விடக் காத்திருந்தாள். பயிற்சி முடித்தவன், மழை விடக் கூடாதே என்று காத்திருந்தான்.

"அன்னிக்கு ஏன் மிதிக்க மாட்டேன்னீங்க? சும்மா ஒரு தொடு தொட்டிருந்தா உங்கம்மாவுக்காவது நிம்மதி."

அவள் மழையைப் பார்த்தபடியே சொன்னாள். "சின்ன வயசுலேர்ந்து ஊரே என் காலைத் தேடித்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தா வாசல்ல நாலு பேர் குப்புறப் படுத்திருப்பாங்க. சிலருக்குச் சரியாப் போகும், சிலருக்குப் போகாது. போகலைன்னா நான் சரியா மிதிக்கலைன்னு திட்டுவாங்க. இந்தக் கையை யாரும் கேட்டதில்லை... அதான் நர்ஸ் வேலைக்கு வந்தேன்."

தியாகு அந்தக் கைகளைப் பார்த்தான். மருந்து வாசனை அடிக்கும், நகம் ஒட்ட வெட்டின கைகள். இவ்வளவு நாளாகக் கண்களிலேயே நின்றுவிட்டோமே என்று தோன்றியது.

"எங்கம்மாவுக்கு உங்க மேல ஒரு வருத்தம்," என்று உளறினான்.

"என்னவாம்?"

"காஜா பெராங் ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் முதுகுல ஏறி நின்ன பொண்ணு, அவகிட்ட என்னடா சிரிச்சுச் சிரிச்சுப் பேசறேன்னு..."

கமலவேணி உதட்டைக் கடித்தாள். அழப்போகிறாளோ என்று பதறினான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ருக்மணி அம்மாதானே? அவங்க முதுகும் அதுல உண்டுன்னு சொல்லுங்க. தீபாவளிக்கு முறுக்கு சுத்தி இடுப்பு பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. மிதிச்சு முடிச்சதும் கை நிறைய முறுக்குக் குடுத்தாங்க... நல்லாத்தான் இருந்துச்சு, உப்புதான் தூக்கல்."

இருவரும் சிரித்தார்கள். மழை அந்தப் பக்கம் பெய்துகொண்டே இருந்தது... யாருக்கு அவசரம்?

*

அவசரம் மாணிக்கவாசகத்துக்கு இருந்தது.

போட்டி நெருங்கியது. தியாகு இப்போது திடலை மெல்லோட்டமாகச் சுற்றினான். நடையில் நொண்டல் இல்லை. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட வேண்டும். வருடக் கடைசிக்கு முன் முழு மூச்சாக ஓடினால் மறுபடி கிழியும். இரண்டாம் முறை கிழிந்தால் பழைய கால் திரும்பக் கிடைக்காமலே போகலாம்.

"ஆனா மிஸ்ஸி, விடுதலை வருசா வருசமா வரும்?" என்றான் தியாகு ஒருநாள். அதில் விளையாட்டில்லை. "நம்ம கொடி ஏறின வாரத்துல முதல் ஓட்டம். அதுல ஓடினேன்னு சொல்லிக்கணும்... வயசான பிறகும் சொல்லிக்கணும்."

அவளிடம் இதற்கு மட்டும் பதில் இல்லை. அவன் காலை மட்டும் அவள் பார்க்கவில்லை என்றுதான் ஹாஜா முன்பே கண்டுபிடித்துவிட்டாரே.

வேந்தரிடமோ எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "அன்னிக்கே மிதிச்சிருந்தா இந்நேரம் குதிரை மாதிரி ஓடியிருப்பான். அந்தப் பொண்ணு திமிர்ல மாட்டேன்னுடுச்சு. கழக மானம் போகப்போகுது!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் துணி கிழிக்கிற சாக்கில் சொன்னார். விளைவு, சந்தையில் அஞ்சலையிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வீட்டுக்கு வந்து மகள் முன்னால் அழுதாள்.

போட்டிக்கு முதல் நாள் மாலை, தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது, மறுபடி அதே ஊர்வலம் அஞ்சலை வாசலுக்கு வந்தது. தியாகுவும் வந்தான். நாளை ஓடுவதா இல்லையா என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்யுமுன் ஒருமுறை அவளைப் பார்த்தாக வேண்டும் போலிருந்தது.

"ஒரே ஒரு மிதிம்மா," என்றார் மாணிக்கவாசகம், மேடைக்குரலில். "நாளைக்குப் பையன் ஓடுவான். ஜெயிச்சா பேரு உனக்கு. இல்லாட்டி... ஊரு என்ன பேசும்னு உனக்கே தெரியும்."

கமலவேணி வெளியே வந்து நின்றாள். இமைகள் சிவந்திருந்தன. அம்மாவைப் பார்த்தாள். பாயில் படுத்திருந்தவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் நாளைய ஓட்டம் அப்படியே எழுதியிருந்தது.

"சரி," என்றாள் மெல்ல. "மிதிக்கிறேன்."

செயற்குழு கைதட்டியது. அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கமலவேணி செருப்பைக் கழற்றிவிட்டு, தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது காலைத் தூக்கினாள்.

தியாகு தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

காலு பொய் சொல்லாது என்றவள் அவள்தான். படித்ததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, துளிகூட நம்பாத ஒன்றை அவள் செய்யத் துணிந்தது யாருக்காக? அம்மாவுக்காகவா... ஊருக்காகவா... நாளைக்குக் கால் கிழிந்தால் இவள் தன்னைத்தானே வாழ்நாள் முழுவதும் மன்னித்துக்கொள்ள மாட்டாள். அது தெரிந்தும் தூக்கியிருக்கிறாள்!

அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"வேண்டாம் மிஸ்ஸி."

"ஏன்டா?" என்று அலறினார் வேந்தர்.

"அவங்களே நம்பாததை எனக்காகச் செய்ய வேண்டாம். நான் நாளைக்கு ஓடலை தலைவரே. கால் இன்னும் குணமாகலை." அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. "ஊர்ல கேட்டாங்கன்னா, மிஸ்ஸி மிதிக்கத்தான் வந்தாங்க, நான்தான் மாட்டேன்னேன்னு சொல்லுங்க. இத்தனை பேர் பார்த்திருக்கீங்க... யாரும் மாத்திச் சொல்லாதீங்க."

அதற்கு மேல் சொற்பொழிவாற்ற வேந்தருக்கு எதுவும் அகப்படவில்லை. கழக வரலாற்றில் அப்படி நேர்ந்தது அன்றுதான் என்று செயற்குழுவினர் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

*

பண்டார் ஹிலிர் திடலில் புதுக்கொடி காற்றில் படபடத்தது. கடல் பக்கம் மேகம் திரண்டிருந்தது. முதலுதவிக் கூடாரத்தில் கமலவேணிக்குப் பணி. கூடாரக் கம்பத்தைப் பிடித்தபடி தியாகு நின்றான், நோயாளியுமில்லை வீரனுமில்லை என்ற நிலையில்.

அவனுக்குப் பதில் கழகத்தின் இன்னொரு ஓட்டக்காரன் ஜெயபாலன் கோட்டில் குனிந்தான். துப்பாக்கி வெடித்தது. தியாகுவின் உடம்பு முழுவதும் ஒருமுறை துள்ளி அடங்கியது. கை கம்பத்தை நெரித்தது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெயபாலன் மூன்றாவதாக வந்தான். 'நாம் திட்டமிட்டதே மூன்றாம் இடம்தான்' என்ற தோரணையில் மாணிக்கவாசகம் மாலையோடு ஓடி... இல்லை, நடந்து போனார்.

"அழறீங்களா?" என்றாள் கமலவேணி, பக்கத்தில் வந்து.

"மழைத் தண்ணி."

"மழை இன்னும் வரலை."

சொல்லி வாய் மூடுமுன் வந்தது. கூட்டம் சிதறி மரங்களைத் தேடி ஓடியது. கூடாரத் துணிமேல் சடசடவென்று மழை. உள்ளே அவர்கள் இருவர்தான்.

"நேத்து ஏன் காலைத் தூக்கினீங்க?" என்று கேட்டான்.

அவள் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"நீங்க ஓடணும்னு இருந்துச்சு..." என்றாள் கடைசியில். "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. எங்கம்மா சொல்றது ஒரே ஒரு தடவை நிஜமா இருந்துடக் கூடாதான்னு... என் காலுக்கு நிஜமாவே ஏதாவது சக்தி இருந்துட்டா, அது உங்களுக்கு ஆகட்டும்னு..." குரல் மழையில் கரைந்தது. அந்த அகலக் கண்கள் முதன்முறையாக அவனைப் பார்க்க முடியாமல் தாழ்ந்தன.

அவன் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் ஏராளம். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வந்தது இதுதான்:

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு கமலவேணி. ரொம்ப... வருசக் கடைசியில நான் மறுபடி ஓடுவேன். அன்னிக்கு முடிவுக்கோட்டுல நீங்க நிக்கணும்."

"நிக்க மாட்டேன்."

அவன் மறுபடி கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நான் அங்க நின்னா, சீக்கிரம் வந்து சேரணும்னு அவசரப்படுவீங்க. உடம்பு சூடாகுமுன்ன பாய்வீங்க." அவள் நிமிர்ந்தாள். கண்களில் ஆஸ்பத்திரி இல்லை, மழை மட்டும் இருந்தது. "தொடங்கற கோட்டுல நிக்கறேன். பக்கத்துல. நீங்க தயாராகிற வரைக்கும்... அப்புறம் ஓடுங்க. எவ்வளவு தூரம் வேணும்னாலும். நான் பின்னாலேயே வந்துடறேன்."

"பின்னால வேண்டாம்," என்றான் தியாகு. "நான் நின்னு கூட்டிட்டுப் போறேன்."